100 நானோஃபாரட் போட்டும் சப்ளை இரைச்சல் அடங்காதது ஏன்: டீகப்ளிங் கெபாசிட்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி

முதலில் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். இரண்டு அடுக்கு போர்டு, 3.3 வோல்ட் சப்ளை. அதில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், ஒரு ரேடியோ மாட்யூல், மைக்ரோகன்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும், வோல்டேஜை எண்ணாக மாற்றும் 12 பிட் ஏ.டி.சி. ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் 100, 10, 1 நானோஃபாரட் என்று மூன்று கெபாசிட்டர் வைத்திருக்கிறீர்கள். அப்படியும் ரேடியோ சிக்னல் அனுப்பும் நேரத்தில் மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகிறது, ஏ.டி.சி. அளவில் கடைசி மூன்று பிட் நிலையில்லாமல் ஆடுகிறது. இன்னும் எந்த மதிப்பைச் சேர்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பின்களில் புதிய மதிப்பு எதையும் சேர்க்க வேண்டாம், அந்த 1 நானோஃபாரட்டையும் 10 நானோஃபாரட்டையும்கூடக் கழற்ற வேண்டும். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏன் என்று படிப்படியாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் அடுத்த போர்டில் யாரிடமும் மதிப்பைக் கேட்க வேண்டியிருக்காது.

டிஜிட்டல் ஐ.சி. கரண்டை சீராக இழுப்பதில்லை. கிளாக்கின் ஒவ்வொரு விளிம்பிலும் உள்ளே ஆயிரக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒன்றாக நிலைமாறும்போது, ஒரு சில நானோசெகண்டுக்கு மட்டும் ஒரு வெடுக்கென்ற இழுப்பு. ரெகுலேட்டருக்கு அந்த வேகம் கிடையாது. சாதாரண லீனியர் ரெகுலேட்டர் சுதாரித்துக்கொள்ளவே சில மைக்ரோசெகண்ட் ஆகும். போதாக்குறைக்கு நடுவில் ட்ரேஸின், அதாவது போர்டில் ஓடும் காப்பர் கோட்டின், இண்டக்டன்ஸ் (கரண்ட் திடீரென மாறுவதை எதிர்க்கும் தன்மை) வேறு. 1.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு அடுக்கு போர்டில் கால் மில்லிமீட்டர் அகலமுள்ள ட்ரேஸுக்கு, அடியில் முழு கிரவுண்ட் இருந்தாலும், மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 0.8 நானோஹென்றி வரும். 12 மில்லிமீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 10 நானோஹென்றி. அதில் 100 மில்லிஆம்பியர் கரண்ட் 5 நானோசெகண்டில் ஏறினால் ட்ரேஸில் விழும் வோல்டேஜ் 0.2 வோல்ட். 1 நானோசெகண்டில் ஏறினால் 1 வோல்ட்! ஏரி நிறைந்து கிடந்தாலும் அவசரத்துக்குக் கை நனைக்கப் பக்கத்தில் ஒரு குடம் வேண்டும், இல்லையா? அந்தக் குடம்தான் டீகப்ளிங் கெபாசிட்டர்.

சரி, குடம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? 100 மில்லிஆம்பியர் 5 நானோசெகண்டுக்கு ஓடினால் செலவாகும் மின்னூட்டம் அரை நானோகூலும். வோல்டேஜ் 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது என்றால் தேவை 10 நானோஃபாரட். அவ்வளவுதான். நீங்கள் வைத்திருக்கும் 100 நானோஃபாரட் அதைப்போல் பத்து மடங்கு. ஆக, ஐ.சி.யின் சப்ளை பின்னில் மதிப்புக்குக் குறைவே இல்லை. குறை இருப்பது குடத்துக்கும் கைக்கும் நடுவில் உள்ள வழியில்.

கெபாசிட்டர் என்று நாம் வாங்குவது தனி கெபாசிட்டர் அல்ல. அதோடு தொடராக ஒரு சிறு மின்தடையும், ஒரு சிறு இண்டக்டன்ஸும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. முன்னதை இ.எஸ்.ஆர்., பின்னதை இ.எஸ்.எல். என்பார்கள். அதிர்வெண் ஏற ஏற கெபாசிட்டன்ஸின் தடுப்பு குறையும், இண்டக்டன்ஸின் தடுப்பு கூடும். இரண்டும் சமமாகும் இடம் சுய ஒத்ததிர்வு. அங்கே இம்பிடன்ஸ், அதாவது மொத்தத் தடுப்பு, அடிமட்டத்தைத் தொடும், அதைத் தாண்டினால் அது பெயருக்குத்தான் கெபாசிட்டர், நடத்தையில் இண்டக்டர். பேட் (பாகத்தை சால்டர் செய்யும் காப்பர் இடம்), வயா (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை), ட்ரேஸ் எல்லாம் சேர்த்து வழியின் மொத்த இண்டக்டன்ஸ் 1 நானோஹென்றி என்று வைத்துக்கொண்டால், 100 நானோஃபாரட்டுக்கு இந்த இடம் ஏறக்குறைய 16 மெகாஹெர்ட்ஸ். 1 மைக்ரோஃபாரட்டுக்கு 5 மெகாஹெர்ட்ஸ். 10 நானோஃபாரட்டுக்கு 50 மெகாஹெர்ட்ஸ்.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன், அதிக அதிர்வெண்ணுக்குச் சிறிய மதிப்பு வேண்டும், அதனால் மூன்றையும் அடுக்கிவிடலாம் என்று முடிவுகட்டத் தோன்றும். எனக்கும் பல வருடம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஒத்ததிர்வைத் தாண்டிய பக்கத்தையும் பாருங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் 1 நானோஹென்றியின் தடுப்பு 0.63 ஓம். கெபாசிட்டர் 100 நானோஃபாரட்டாக இருந்தாலும் 1 மைக்ரோஃபாரட்டாக இருந்தாலும், ஒரே உடலளவு, ஒரே பேட், ஒரே வயா என்றால் அங்கே கிடைப்பது அதே 0.6 ஓம்தான். பெரிய மதிப்பு அதிக அதிர்வெண்ணில் மோசமாக நடந்துகொள்வதில்லை. கீழ்ப்பக்கத்தில் கூடுதலாக உதவுகிறது, மேல்பக்கத்தில் சமமாக நிற்கிறது. சிறிய மதிப்பு ஜெயிப்பது தன் ஒத்ததிர்வை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில் மட்டும்.

மூன்று மதிப்பை அடுக்கும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நல்ல காரணம் இருந்தது. கால் நீட்டிய கெபாசிட்டர்கள் காலத்தில் மதிப்பு கூடினால் உடலும் கூடும், காலும் நீளும், இண்டக்டன்ஸும் கூடும். அன்று பெரிய மதிப்பு என்றால் உண்மையிலேயே மந்தமான கெபாசிட்டர். இன்று 0402 என்ற மிகச் சிறிய உடலிலேயே 1 நானோஃபாரட்டும் கிடைக்கிறது, 1 மைக்ரோஃபாரட்டும் கிடைக்கிறது. காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. பல டேட்டாஷீட்களில்கூட அந்தப் பழைய அறிவுரை படியெடுத்துப் படியெடுத்து வந்துகொண்டே இருக்கிறது.

பழக்கம் சும்மா தங்கியிருந்தால் பரவாயில்லை, அது கெடுதலும் செய்கிறது. 100 நானோஃபாரட்டையும் 1 நானோஃபாரட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், 16 மெகாஹெர்ட்ஸுக்கும் 160 மெகாஹெர்ட்ஸுக்கும் இடையில் முன்னது இண்டக்டராகிவிட்டது, பின்னது இன்னும் கெபாசிட்டராக இருக்கிறது. இண்டக்டரும் கெபாசிட்டரும் இணையாக நின்றால் என்ன ஆகும்? ரேடியோவில் நிலையத்தைப் பிடிக்கப் பயன்படும் டேங்க் சர்க்கியூட் அதுவேதான். இருவருக்கும் தலா 1 நானோஹென்றி என்றால் ஏறக்குறைய 112 மெகாஹெர்ட்ஸில் இம்பிடன்ஸ் மலைபோல் எழும்பும். இரண்டின் இ.எஸ்.ஆரும் சேர்ந்து 0.1 ஓம் என்று வைத்தால் அந்த உச்சி 5 ஓம் வரை போகிறது. 100 நானோஃபாரட் மட்டும் தனியாக இருந்திருந்தால் அங்கே 0.7 ஓம். அதே 100 நானோஃபாரட்டில் இரண்டு வைத்திருந்தால் 0.35 ஓம். காசும் இடமும் செலவழித்து இரைச்சலுக்கு ஏணி போட்டுக் கொடுத்தது போல ஆகிவிட்டது. மைக்ரோகன்ட்ரோலர் கிளாக்கின் ஏதோ ஒரு ஹார்மோனிக் (கிளாக் அதிர்வெண்ணின் ஒரு மடங்கு) சரியாக அந்த உச்சியில் போய் உட்கார்ந்தால், போர்டு வெளியே பரப்பும் ரேடியோ இரைச்சலை அளக்கும் கதிர்வீச்சுச் சோதனையிலும் அது தலைகாட்டும். ஒருமுறை அப்படித் தலைகாட்டிய ஒரு போர்டில் சின்ன மதிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, அந்த இடங்களில் 100 நானோஃபாரட்டையே வைத்தேன். வேறெதையும் தொடவில்லை. அந்த ஹார்மோனிக் இறங்கிவிட்டது.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. ஒரே ஒரு அதிர்வெண்தான் எதிரி, அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும் என்றால், அதற்கென்று சி0ஜி வகையில் (மிக நிலையான செராமிக்) ஒரு சின்ன கெபாசிட்டரைத் தேர்ந்து வைப்பது நல்ல உத்தி. ரேடியோ மாட்யூலின் சப்ளை பின்னில் அதைத் தயாரித்தவர்களே சில பிக்கோஃபாரட்டோ, சில பத்து பிக்கோஃபாரட்டோ கேட்டிருந்தால் அதை மறுக்காமல் வையுங்கள். அது பொதுவான இரைச்சலுக்கு அல்ல, அந்த ஒரு பட்டைக்கு.

ஆக, சாதாரண டிஜிட்டல் பின்னுக்கு என் வழக்கம் இது: ஒவ்வொரு சப்ளை பின்னுக்கும் ஒரே மதிப்பில் ஒரு கெபாசிட்டர், 0402 அல்லது 0603 உடல், எக்ஸ்7ஆர் வகை செராமிக் (வகைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்). மதிப்பு 100 நானோஃபாரட்டோ 1 மைக்ரோஃபாரட்டோ, எது கையில் நிறைய இருக்கிறதோ அது. கையால் சால்டர் செய்பவர் என்றால் 0603 போதும். 0402க்கும் 0603க்கும் உடலின் இண்டக்டன்ஸில் உள்ள வித்தியாசம் ஒரு நானோஹென்றியில் சிறு பங்கு. அதைவிடப் பல மடங்கை லேஅவுட்டில் இழப்பது மிகச் சுலபம்.

அந்த லேஅவுட்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் இரைச்சலின் பெரும்பகுதி இங்கேதான் தீர்மானமாகிறது. கரண்ட் போகும் வழி ஒரு வளையம்: கெபாசிட்டரின் 3.3 வோல்ட் பேடிலிருந்து ஐ.சி.யின் சப்ளை பின், சிப்புக்குள், கிரவுண்ட் பின், அங்கிருந்து திரும்ப கெபாசிட்டரின் கிரவுண்ட் பேட். இண்டக்டன்ஸ் இந்த வளையம் சூழ்ந்திருக்கும் பரப்பைப் பொறுத்தது. பலர் சப்ளை பின்னிலிருந்து கெபாசிட்டருக்குள்ள தூரத்தை மட்டும் அளந்து திருப்திப்படுகிறார்கள். ஒரு போர்டில் கெபாசிட்டர் பின்னுக்கு 1 மில்லிமீட்டரில் அழகாக உட்கார்ந்திருந்தது. அதன் கிரவுண்ட் பேடைத் தொடர்ந்து பார்த்தால், அங்கிருந்து 6 மில்லிமீட்டர் ட்ரேஸ், ஒரு வயா, அடியில் கிரவுண்ட் காப்பரை ஒரு சிக்னல் ட்ரேஸ் நீளவாக்கில் வெட்டிக்கொண்டு போயிருந்தது. கரண்ட் அந்த வெட்டைச் சுற்றி வளைந்து இன்னொரு வயா ஏறி ஐ.சி.யின் கிரவுண்ட் பின்னை அடைய வேண்டும். மேலிருந்து பார்க்க ஒரு மில்லிமீட்டர், நிஜத்தில் மூன்று சென்டிமீட்டர்! பின்னுக்குப் பக்கத்தில் சால்டர் மாஸ்க்கைச் சுரண்டி, சப்ளை ட்ரேஸுக்கும் கிரவுண்ட் காப்பருக்கும் நடுவில் ஒரு 0603 கெபாசிட்டரைக் குறுக்கே வைத்து நேரடியாக சால்டர் செய்தேன். ஆசிலோஸ்கோப்பில் கூர்முனைகள் கண்ணெதிரே பாதிக்கும் கீழே இறங்கின. மதிப்பு அதே 100 நானோஃபாரட்தான்.

இரண்டு அடுக்கு போர்டில் நான் கடைப்பிடிப்பவை: கீழ் அடுக்கை முடிந்தவரை வெட்டு விழாத கிரவுண்டாக விடுவது, சப்ளை ட்ரேஸ் முதலில் கெபாசிட்டர் பேடைத் தொட்டுவிட்டு அப்புறம் பின்னுக்குப் போவது, கெபாசிட்டரின் கிரவுண்ட் பேடை ஐ.சி.யின் கிரவுண்ட் பின்னோடு மேல் அடுக்கிலேயே குட்டையாகவும் அகலமாகவும் இணைத்துவிட்டு, பேடை ஒட்டியே வயா போடுவது. வயா ஒவ்வொன்றும், 0.3 மில்லிமீட்டர் துளையில் 1.6 மில்லிமீட்டர் போர்டைத் துளைத்துப் போனால், தனியாகவே 1 நானோஹென்றியைத் தாண்டும். அதனால் இரண்டு கெபாசிட்டர் ஒரே கிரவுண்ட் வயாவைப் பங்குபோட விடாதீர்கள். முடிந்தால் ஒரு பேடுக்கு இரண்டு வயா. பேடிலிருந்து மெல்லிய ட்ரேஸை இழுத்து, தள்ளிப்போய் வயா வைக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

நான்கு அடுக்குக்குப் போக முடிந்தால் பாதிப் பிரச்சினை தானாகவே குறையும். கிரவுண்ட் பிளேன் (ஒரு அடுக்கு முழுவதையும் நிரப்பும் காப்பர்) 0.2 மில்லிமீட்டர் ஆழத்திலேயே வந்துவிடுவதால் அதே கால் மில்லிமீட்டர் ட்ரேஸின் இண்டக்டன்ஸ் மில்லிமீட்டருக்கு 0.4 நானோஹென்றிக்கும் கீழே வந்துவிடுகிறது. சப்ளை பிளேனும் கிரவுண்ட் பிளேனும் 0.1 மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இருந்தால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 37 பிக்கோஃபாரட் இலவசமாகக் கிடைக்கிறது. அதைவிட முக்கியம், அந்த இணைத் தகடுகளில் பரவும் கரண்டுக்கு இண்டக்டன்ஸ் மிகக் குறைவு, எந்த அளவுச் சதுரமானாலும் ஒரு சதுரத்துக்கு 0.13 நானோஹென்றி அளவில்தான். வழக்கமான மலிவு நான்கு அடுக்கில் உள்ளிரு அடுக்குகளுக்கு நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கும். அங்கே இந்த லாபம் பத்தில் ஒன்றாகிவிடும். அடுக்கு அமைப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இனி கெபாசிட்டர் பொருளுக்கு வருவோம். எக்ஸ்7ஆர் என்றால் மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை மதிப்பு 15 சதவீதத்துக்கு மேல் மாறாது. எக்ஸ்5ஆர் அதையே 85 டிகிரி வரை சொல்கிறது. ஒய்5வி என்றால் வெப்பநிலையால் மட்டுமே 82 சதவீதம் வரை குறையலாம். அதை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். சி0ஜி மிக நிலையானது, ஆனால் பெரிய மதிப்பில் கிடைக்காது. இந்தக் குறியீடுகள் வெப்பநிலையைப் பற்றி மட்டுமே பேசுகின்றன என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வோல்டேஜைப் பற்றி அவற்றில் ஒரு எழுத்துகூட இல்லை.

எக்ஸ்7ஆர், எக்ஸ்5ஆர் இரண்டும் பேரியம் டைட்டனேட் அடிப்படையில் செய்யப்பட்டவை. அந்தப் படிகங்களின் மேல் மின்புலம் விழுந்தால் அவற்றின் கெபாசிட்டன்ஸ் இறங்கிவிடும். இதுதான் டி.சி. பயாஸ் இழப்பு. 0603 உடலில் 10 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட், எக்ஸ்5ஆர் என்று ஒன்றை வாங்கி 5 வோல்ட் சப்ளையில் போட்டால், மிஞ்சுவது பாதிக்கும் குறைவாக இருப்பது சாதாரணம். மீட்டரில் வைத்து அளந்தால் 10 மைக்ரோஃபாரட் என்றே காட்டும், ஏனென்றால் மீட்டர் டி.சி. வோல்டேஜ் இல்லாமல் அளக்கிறது. ஒரே மதிப்பை எவ்வளவு சிறிய உடலுக்குள் திணித்திருக்கிறார்களோ அவ்வளவுக்கு இழப்பு கூடும், ஏனென்றால் உள்ளே ஒவ்வொரு அடுக்கும் மெலிந்துவிடுகிறது, அதில் மின்புலம் கூடிவிடுகிறது. அதனால் வோல்டேஜ் மதிப்பைக் கூட்டி வாங்குவதைவிட ஒரு அளவு பெரிய உடலை வாங்குவது பல சமயம் நிச்சயமான வழி. வோல்டேஜ் கூடக் கூட கெபாசிட்டன்ஸ் எவ்வளவு குறைகிறது என்று காட்டும் வரைபடத்தைத் தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் தருகிறார்கள். வாங்கும் முன் அந்த ஒரு வரைபடத்தைத் திறந்து, உங்கள் சப்ளை வோல்டேஜுக்கு நேரே என்ன மிஞ்சுகிறது என்று விரல் வைத்துப் பாருங்கள். 100 நானோஃபாரட் 0603, 50 வோல்ட் எக்ஸ்7ஆருக்கு 3.3 வோல்ட்டில் கவலைப்பட ஒன்றுமில்லை. பல மைக்ரோஃபாரட்டைச் சிறிய உடலில் வாங்கும்போதுதான் கவலை. இதோடு வயதாக ஆக மதிப்பு மெல்ல இறங்கும் பழக்கமும் இந்த வகைக்கு உண்டு. அதற்கும் ஒரு பத்து சதவீதம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் ரீசெட். இது சப்ளை பின்னை ஒட்டிய சின்ன கெபாசிட்டர் தீர்க்கக்கூடிய விஷயமே இல்லை. ரேடியோ அனுப்பத் தொடங்கும்போது கரண்ட் ஒரே தாவலில் சில நூறு மில்லிஆம்பியர் ஏறி, நானோசெகண்ட் கணக்கில் அல்ல, பல மைக்ரோசெகண்டுகளுக்கு அங்கேயே நிற்கிறது. 300 மில்லிஆம்பியர் தாவல், ரெகுலேட்டர் பிடித்துக்கொள்ள 10 மைக்ரோசெகண்ட் என்று வைத்தால் செலவு 3 மைக்ரோகூலும். 100 மில்லிவோல்ட் வரை இறங்கலாம் என்றால் தேவை 30 மைக்ரோஃபாரட். 100 நானோஃபாரட்டில் முன்னூறு அடுக்க வேண்டும்! இதற்கு நிறைய மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பெரிய மதிப்புக் கெபாசிட்டர் வேண்டும். 0805 உடலில் 22 மைக்ரோஃபாரட் இரண்டோ மூன்றோ, டி.சி. பயாஸ் இழப்பைக் கழித்த பிறகு 30 மிஞ்சும்படி, மாட்யூலின் சப்ளை பின்னை ஒட்டி வையுங்கள். மாட்யூலுக்கான சப்ளை ட்ரேஸை ரெகுலேட்டரிலிருந்தே தனியாக, அகலமாகக் கொண்டுவாருங்கள். மைக்ரோகன்ட்ரோலரைத் தொட்டுக்கொண்டு மாட்யூலுக்குப் போகும் ட்ரேஸ் என்றால் மாட்யூலின் ஒவ்வொரு இழுப்பிலும் மைக்ரோகன்ட்ரோலரும் சேர்ந்து சரியும். ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் வோல்டேஜ் அந்த நேரத்தில் போதுமானதாக இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள், மெல்லிய யூ.எஸ்.பி. கேபிளால் வந்த ரீசெட்டுகளைக் கெபாசிட்டர் மேல் பழிபோட்டு நாள்கணக்கில் தேடியிருக்கிறேன்.

ரெகுலேட்டரின் வெளிப்பக்கத்தில் ஒரு எச்சரிக்கை. 1117 வகை போன்ற பழைய லீனியர் ரெகுலேட்டர்கள் வெளிப்பக்கக் கெபாசிட்டரில் கொஞ்சம் இ.எஸ்.ஆர். இருக்கும் என்று நம்பியே வடிவமைக்கப்பட்டவை. எல்.எம்.1117இன் டேட்டாஷீட் 0.3 முதல் 22 ஓம் வரை என்று எண்ணிட்டே சொல்கிறது. செராமிக்கின் இ.எஸ்.ஆர். சில மில்லிஓம்தான். நல்லது செய்வதாக நினைத்து அங்கே செராமிக்கை மட்டும் வைத்தால் ரெகுலேட்டரே ஊசலாடத் தொடங்கலாம். அங்கே டான்டலமோ எலக்ட்ரோலிட்டிக்கோ ஒன்று முதன்மையாக இருக்கட்டும். டான்டலம் என்றால் சப்ளை வோல்டேஜைப்போல் இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக வாங்குங்கள். அது கெட்டால் ஷார்ட் ஆகும், சில சமயம் பற்றியும் எரியும். செராமிக்குக்கென்றே வந்த புதிய ரெகுலேட்டர்களில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதை டேட்டாஷீட்டில் கண்ணால் பார்த்துவிட்டே நம்ப வேண்டும்.

உள்பக்கத்திலும் குறைந்த இ.எஸ்.ஆர். வேறுவிதமாகக் கடிக்கும். நீளமான கேபிளின் முனையில் வெறும் செராமிக் மட்டும் இருந்து, மின்சாரம் இருக்கும்போதே கேபிளைச் செருகினால், கேபிளின் இண்டக்டன்ஸும் கெபாசிட்டரும் சேர்ந்து ஊஞ்சலாடி, வோல்டேஜ் ஏறக்குறைய இரட்டிப்பு வரை எகிறும். 12 வோல்ட் போர்டில் 20 வோல்ட் தாங்கும் ரெகுலேட்டர் காரணமே தெரியாமல் போவது இப்படித்தான். பக்கத்தில் ஒரு சாதாரண எலக்ட்ரோலிட்டிக்கை வைத்தால் அதன் இ.எஸ்.ஆர். அந்த ஆட்டத்தை விழுங்கிவிடும்.

அடுத்து ஏ.டி.சி. 3.3 வோல்ட்டில் 12 பிட் என்றால் ஒரு படி 0.8 மில்லிவோல்ட். மூன்று பிட் ஆடுகிறது என்றால் ஆட்டம் ஆறேழு மில்லிவோல்ட் அளவில். டிஜிட்டல் பின்களில் 50 மில்லிவோல்ட்டை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அதே சப்ளையை ஏ.டி.சி.யின் அனலாக் சப்ளை பின்னுக்கு நேராகக் கொடுத்தால் இதுதான் நடக்கும். பலர் இங்கே ஒரு ஃபெரைட் பீடையும் (அதிக அதிர்வெண்ணைத் தடுக்கும் சிறு பாகம்) 100 நானோஃபாரட்டையும் வைத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 மெகாஹெர்ட்ஸில் 600 ஓம் காட்டும் பீட், குறைந்த அதிர்வெண்ணில் ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி இண்டக்டர். 100 நானோஃபாரட்டோடு சேர்ந்தால் ஒத்ததிர்வு 500 கிலோஹெர்ட்ஸ். பல ஸ்விட்சிங் ரெகுலேட்டர்கள் ஓடுவது அந்த வட்டாரத்தில்தான்! தடுப்பதற்குப் பதிலாக அந்த வடிகட்டி அந்த இரைச்சலைப் பத்து மடங்கு வரை பெருக்கி ஏ.டி.சி.க்குக் கொடுக்கும். பீடுக்குப் பின்னால் 10 மைக்ரோஃபாரட் வைத்தால் ஒத்ததிர்வு 50 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்குவதோடு, பீடின் சொந்த மின்தடையே அந்த உச்சியை ஏறக்குறைய தட்டையாக்கிவிடும். டி.சி. கரண்ட் கூடக் கூட பீடின் இம்பிடன்ஸ் குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதன் மேல் எழுதிய ஆம்பியர் எண் சூடாவதற்கான எல்லை, வேலை செய்வதற்கான எல்லை அல்ல.

உங்கள் போர்டுக்கு பீடே வேண்டாம் என்பேன். அனலாக் பின் இழுப்பது ஒன்றிரண்டு மில்லிஆம்பியர்தான். 10 ஓம் மின்தடை, அப்புறம் 10 மைக்ரோஃபாரட், அதோடு பின்னை ஒட்டி 100 நானோஃபாரட். 1.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் அடங்கத் தொடங்கும், ஒத்ததிர்வுக்கு இடமே இல்லை. 2 மில்லிஆம்பியருக்கு 20 மில்லிவோல்ட் விழும். அனலாக் சப்ளைக்கும் டிஜிட்டல் சப்ளைக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம் என்று டேட்டாஷீட் ஒரு எல்லை சொல்லும், அதற்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டென்ஷியோமீட்டர், தெர்மிஸ்டர் போல சப்ளையின் விகிதமாகப் பதில் சொல்லும் சென்சார் என்றால் அதன் மேல்முனையையும் வடிகட்டிய இந்த 3.3 வோல்ட்டிலிருந்தே கொடுங்கள், அப்போது விழுந்த 20 மில்லிவோல்ட் அளவீட்டில் பிழையாகத் தெரியாது. ஆனால் சென்சார் இழுக்கும் கரண்டையும் அந்த 10 ஓமின் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

இன்னொன்று: சில மைக்ரோகன்ட்ரோலர்களில் உள்ளே இருக்கும் ரெகுலேட்டரின் வெளிப்பக்கம் ஒரு தனி பின்னாக வரும். எஸ்.டி.எம்.32எஃப்407இல் அப்படி இரண்டு பின், ஒவ்வொன்றுக்கும் 2.2 மைக்ரோஃபாரட். அது டீகப்ளிங் இல்லை, அந்த ரெகுலேட்டர் நிலையாக ஓடுவதற்கான உறுப்பு. அங்கே உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை, எழுதியதை எழுதியபடி வைக்க வேண்டும்; 3.3 வோல்ட்டோடு இணைக்கவே கூடாது.

பெரிய எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளே உள்ள சர்க்கியூட்டை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) போன்றவற்றுக்கு இந்தக் கைக்கணக்கு போதாது. அங்கே இலக்கு இம்பிடன்ஸ் என்ற முறையில் போவார்கள்: அனுமதிக்கும் வோல்டேஜ் ஆட்டத்தைக் கரண்ட் தாவலால் வகுத்தால் வரும் ஓம், சப்ளை முழுவதும் எல்லா அதிர்வெண்ணிலும் அதற்குக் கீழே இருக்க வேண்டும். 1 வோல்ட்டில் 3 சதவீதம், 10 ஆம்பியர் தாவல் என்றால் 3 மில்லிஓம். உங்கள் 3.3 வோல்ட்டில் 5 சதவீதம், அரை ஆம்பியர் என்றால் 0.33 ஓம், இது எளிதில் எட்டக்கூடிய இலக்கு. நூறு மெகாஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகு போர்டில் எதை வைத்தாலும் ஐ.சி. பேக்கேஜின் சொந்த இண்டக்டன்ஸ் குறுக்கே நிற்கும், அங்கே சிப்புக்குள் இருக்கும் கெபாசிட்டன்ஸ்தான் காப்பாற்றுகிறது. அதனால் ஜிகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கென்று போர்டில் கெபாசிட்டர் அடுக்குவதில் பயனில்லை.

எதையும் மாற்றும் முன் சரியாக அளந்துகொள்ளுங்கள். ஆசிலோஸ்கோப் ப்ரோபில் தொங்கும் 15 சென்டிமீட்டர் கிரவுண்ட் வயரே ஒரு ஆன்டெனா. சந்தேகமிருந்தால் ப்ரோபின் முனையையும் அந்த கிரவுண்ட் கிளிப்பையும் போர்டின் ஒரே கிரவுண்ட் புள்ளியில் வையுங்கள். அங்கேயும் கூர்முனைகள் தெரிந்தால் நீங்கள் இதுவரை பார்த்தது சப்ளை இரைச்சல் அல்ல, ப்ரோப் காற்றிலிருந்து பிடித்த இரைச்சல். நான் செய்வது: மெல்லிய கோஆக்சியல் கேபிள் ஒரு துண்டு, முனையை 3 மில்லிமீட்டர் மட்டும் உரித்து, வெளி வலையை கெபாசிட்டரின் கிரவுண்ட் பேடில் சால்டர் செய்து, நடுக்கம்பியை 1 மைக்ரோஃபாரட் செராமிக் வழியாக 3.3 வோல்ட் பேடில் இணைத்து, ஆசிலோஸ்கோப்பின் 50 ஓம் உள்ளீட்டில் கொடுப்பது. 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் அப்படியே தெரியும், டி.சி. வராது. இப்படி அளந்தபோது முன்பு 200 மில்லிவோல்ட்டாகத் தெரிந்த பூதம் 30 மில்லிவோல்ட்டாகச் சுருங்கியது உண்டு.

உங்கள் போர்டில் செய்ய வேண்டிய வரிசையையும் சொல்லிவிடுகிறேன். இப்படி அளந்து, ரேடியோ அனுப்பும் கணத்தில் ஆசிலோஸ்கோப்பை நிறுத்திப் படம் பிடியுங்கள். வோல்டேஜ் மைக்ரோசெகண்ட் கணக்கில் பள்ளமாக இறங்குகிறது என்றால் மாட்யூலுக்குப் பக்கத்தில் 22 மைக்ரோஃபாரட் இரண்டை, இருக்கிற காப்பரின் மேலேயே சால்டர் செய்து பாருங்கள். ரீசெட் நின்றுவிட்டால் அடுத்த போர்டில் அதற்கு இடம் ஒதுக்குங்கள். பிறகு 10, 1 நானோஃபாரட்டுகளைக் கழற்றி, காலியான பேடுகளில் 100 நானோஃபாரட்டையே வைத்து மறுபடி அளங்கள். ஏ.டி.சி.யின் அனலாக் சப்ளை பின்னுக்குப் போகும் ட்ரேஸை ஒரு இடத்தில் வெட்டி, வெட்டின் மேல் 10 ஓமைப் பாலமாக வைத்து, 10 மைக்ரோஃபாரட்டைச் சேருங்கள். வெட்டும் முன் அந்த ட்ரேஸ் வேறு எந்தப் பின்னுக்கும் போகவில்லை என்று மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்யாமல் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு படம் எடுத்து வையுங்கள். அந்தப் படங்களோடு, கிரவுண்ட் அடுக்கு தெரியும்படி லேஅவுட்டின் படத்தையும் காட்டினால், எந்த வளையம் இன்னும் பெரியதாக இருக்கிறது என்று அடுத்த பதிலில் குறித்துத் தருகிறேன்.